உறக்கத்தில் ஓர் உலா

இரவு மணி பதினொன்று. விடுதியில் விளக்குகள் அணைந்து ஒரு மணி நேரத்திற்கு மேலாகிவிட்டது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி படுக்கையை விட்டு எழுகிறாள். கண்கள் திறந்திருக்கின்றன, பார்வையோ எங்கும் பதியவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் மறுமொழி இல்லை. மாடிப்படியை நோக்கி நடக்கிறாள். விழித்துக்கொண்ட ஒருத்தி, "பேய்!" என்று அலறுகிறாள். மறுநாள் விடுதி முழுவதும் இதே பேச்சு. நடந்தவளுக்கு மட்டும் ஒன்றும் நினைவில்லை.

தோழியரே! இது பேயும் அன்று, பைத்தியமும் அன்று. சிறு வயதில் பலருக்கு நேருவதே.

நம் உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. ஆழ்ந்த உறக்கமும் கனவு காணும் உறக்கமும் மாறி மாறி வருகின்றன. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த உறக்கமே மிகுதி. அதிலிருந்து மூளை அரைகுறையாக விழிக்கும்பொழுது, உடலை இயக்கும் பகுதி விழித்துக்கொள்கிறது. சிந்திக்கவும் நினைவில் கொள்ளவும் உதவும் பகுதி உறங்கியே கிடக்கிறது. கனவில் காண்பதையே இவர்கள் நடித்துக் காட்டுகிறார்கள் என்று முன்பு எண்ணினர். 1960களில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தபோது அது தவறென்று தெரிந்தது. கனவு உறக்கத்தில் தசைகள் தளர்ந்துவிடும், நடக்க இயலாது. 1968இல் ராஜர் ப்ராட்டன் என்ற அறிஞர் இதனை விழிப்பில் நேரும் கோளாறு என்று எடுத்துரைத்தார்.

பெற்றோருக்கு இப்பழக்கம் இருந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடும். போதிய உறக்கமின்மை, காய்ச்சல், மனக்கலக்கம், சில தூக்க மாத்திரைகள் ஆகியவை இதைத் தூண்டும்.

எழுப்பினால் உயிர் போய்விடும் என்பது வெறும் கதை. ஆனால் உலுக்கி எழுப்பினால் அவள் திகைத்துப் பிறரைத் தள்ளிவிடலாம். ஆகவே மெல்லிய குரலில் பேசி, தோளைத் தொட்டுப் படுக்கைக்கு அழைத்து வருவதே நலம். கட்டி வைத்தல் கூடாது. அவளுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை கொடுங்கள். கதவையும் சன்னலையும் தாழிடுங்கள். கத்தி, கண்ணாடிப் பொருள்களை அகற்றுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்கச் செய்யுங்கள்.

ஏறத்தாழ ஒரே நேரத்தில் எழுந்து நடப்பவராயின், அதற்குக் கால் மணி முதல் அரை மணி முன்னதாக மெல்ல எழுப்பி, சற்று நேரம் விழித்திருக்கச் செய்து, மீண்டும் உறங்கவிடலாம். இரண்டு முதல் நான்கு வாரம் இப்படிச் செய்தால் பலருக்குக் குணம் தெரியும். அடிக்கடி நடந்தாலும், காயம்பட்டாலும், வலிப்புப் போன்ற அசைவுகள் தென்பட்டாலும், பெரியவரான பின் புதிதாகத் தொடங்கினாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். குறட்டையும் மூச்சுத் திணறலும் காரணமாயின் அவற்றைக் குணப்படுத்துவதே வழி. மருந்து வெகு சிலருக்கே தேவை. அதுவும் மருத்துவர் சொற்படியே. பெரும்பாலோர்க்குப் பருவ வயதில் இது தானாகவே மறைந்துவிடும்.

ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில், உறக்கத்தில் நடக்கும் சீமாட்டியைக் கண்ட மருத்துவர், இந்நோய் தம் திறமைக்கு அப்பாற்பட்டது என்று கைவிடுகிறார். இன்று அவ்வாறு கைவிட வேண்டியதில்லை. மருத்துவரைப் போலவே தோழியருக்கும் இதில் பங்குண்டு. கேலி செய்தால் அவள் படுக்கப் போகவே அஞ்சுவாள். அச்சம் உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கம் கெட்டால் மீண்டும் நடப்பாள். ஆகவே இரவில் அவள் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். பகலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். அதுவே முதல் மருந்து!