சுற்றுலா விசாவில் சாஃப்ட்வேர் வேலை கிடையாது

எம்.இ., எம்.டெக்., ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. என்று சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கில் முதுநிலைப் பட்டம் வாங்கிய பிள்ளைகள், வளாகத் தேர்வில் வேலை அமையாமல் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு, டெலிகிராமில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பித் தாய்லாந்துக்கு விமானம் ஏறுகிறார்கள். ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்’ வேலை, டாலரில் சம்பளம், விசாவும் டிக்கெட்டும் ஏஜென்ட் பொறுப்பு. பாங்காக்கில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மருக்குள் கடத்தி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். ஐ.டி. படித்தவர்களையே குறிவைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. அதற்குப் பிறகும், 2025 மார்ச்சில் 549 பேரை விமானப்படை விமானங்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. எச்சரிக்கையை இணையதளத்தில் போட்டதோடு கடமை முடிந்ததென்று அதிகாரிகள் இருந்துவிட்டார்கள். அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டக்கூடவா ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு நேரமில்லை?

படித்தவர் எப்படி ஏமாறுகிறார் என்று வியப்பவர்கள் சட்டத்தில் உள்ள ஓர் இடைவெளியைக் கவனிப்பதில்லை. பத்தாம் வகுப்புத் தேறாத ஒரு கட்டடத் தொழிலாளி வேலைக்கென்று முறைப்படி தாய்லாந்து போக வேண்டுமானால், அவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். ஒப்பந்தம், சம்பளம், ஏஜென்ட் உரிமம் எல்லாவற்றையும் அரசு பார்த்த பிறகே அது கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு அந்தச் சோதனை இல்லை. தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்று சட்டம் அவரை விட்டுவிடுகிறது. முதுநிலைப் பட்டதாரியின் காகிதங்களை அவரைத் தவிர வேறு யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

ஆகவே அவரே பார்க்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ‘இ-மைக்ரேட்’ அரசு இணையதளத்தில் அது நடப்பில் உள்ளதா என்று தேடுங்கள். பதிவில்லாத ஏஜென்ட்டுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், அதுவும் ரசீதோடு. இரண்டு லட்சம், மூன்று லட்சம் கேட்பவரிடம் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. உரிமம் உள்ளவர்களிடம் சாஃப்ட்வேர் வேலை எங்கே வருகிறது, நிறுவனங்கள் நேரடியாகத்தானே எடுக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நேரடி வேலை என்றால் சோதனை விசாவில் இருக்கிறது. தாய்லாந்தில் வேலை செய்ய ‘நான்-இமிக்ரன்ட் பி’ விசாவும் பணி அனுமதியும் வேண்டும். சுற்றுலா விசாவில் வாருங்கள், இங்கே வந்ததும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். உங்கள் படிப்பு உண்மையிலேயே தேவைப்படும் நிறுவனம் அந்த ‘பி’ விசாவை நீங்கள் கிளம்புமுன்பே எடுத்துத் தரும். நிறுவனத்தின் பெயர், முகவரியோடு பாங்காக்கில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி விசாரியுங்கள். பதில் வர நாளாகும், அதற்குள் வேலை போய்விடும் என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், போகட்டும் என்று விடுங்கள்.

பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது காவல் நிலையத்தில். புகார் கொடுத்ததும் கையில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வழக்குப் பதிவென்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டுமே. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., வேறு, அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்புவதும் செல்லாது; எந்த நிலையத்திலும் பதியலாம். பதிய மறுத்தால், புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகரமானால் காவல் ஆணையருக்கும், விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். மாஜிஸ்திரேட் முன் அதுதான் பேசும். ஏஜென்ட் பதிவில்லாதவர் என்றால், அதே புகாரின் நகல் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் போக வேண்டும். பணம் வங்கி வழியாகவோ யு.பி.ஐ.யிலோ போயிருந்தால் அன்றைக்கே இணைய நிதி மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

ஏற்கெனவே போய்ச் சிக்கியவருக்காகப் பேச வேண்டியது வீட்டார். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் அவர்கள் புகாரைப் பதியலாம். மாநில அரசின் அயலகத் தமிழர் நலத் துறையிடமும் கொடுக்கலாம். எங்கே போனாலும் கேட்கப்படுவது பாஸ்போர்ட் நகல், டிக்கெட், ஏஜென்ட்டின் எண், கடைசியாக வந்த இருப்பிடத் தகவல். பிள்ளை கிளம்பும் அன்று இவற்றில் முதல் மூன்றை வாங்கி வைத்துக்கொள்ளாத பெற்றோரே அதிகம். வாங்கும்போதே விசாவின் நகலையும் கேளுங்கள். அதில் சுற்றுலா என்றிருந்தால், டிக்கெட் போட்டாயிற்று என்று தயங்காமல் பயணத்தை அன்றே நிறுத்துங்கள்.