மாசி வடு முதல் ஆனிப் பழம் வரை

சித்திரையில் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு பெருங்காற்று அடித்தால் போதும், மறுநாள் காலையில் மாமரம் உள்ள வீடுகளின் வாசலெல்லாம் காய் சிதறிக் கிடக்கும். பொறுக்கிக் கூடையில் போடுவார்கள். பக்கத்து வீட்டுக்கு நாலு, எதிர்வீட்டுக்கு நாலு போகும். அதற்கு மேல் வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது. எதிர்வீட்டிலும் மரம் நிற்கிறதே! மரத்திலேயே பழுக்கத் தொடங்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கனிந்து விழுந்து, ஈ மொய்த்து, கடைசியில் குப்பை வண்டி ஏறுகிற பழத்தை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை.

விற்றுவிடலாமே என்று தோன்றும். ஒற்றை மரத்துக் காய்க்கு வியாபாரி வரமாட்டார். கோயம்பேட்டில் லாரி லாரியாக மாம்பழம் இறங்கும் காலம் அது. தோப்பு வைத்திருப்பவர்களுக்கே விலை கிடைக்காத வருஷங்கள் உண்டு. 2025 கோடையில் கிருஷ்ணகிரி, சித்தூர் பகுதிகளில், கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காய், நாம் கிளிமூக்கு என்கிறோமே அதுதான், கிலோ 5 ரூபாய் அளவுக்குச் சரிந்தது. ஆந்திர அரசு 12 ரூபாய் என்று விலை வைத்து, 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயைத் தானும் தர ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. இந்த லட்சணத்தில் வீட்டு மரத்துக்காரர் சந்தையை நம்ப முடியாது. சமையலறையையும் தெருவையும்தான் நம்ப வேண்டும். அதையும் வைகாசியில் யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். மாசியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

முதல் வேலை மாவடு. மரம் தன்னால் தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானாகவே உதிர்த்துவிடும். அதனால் வடுவாகக் கொஞ்சம் பறித்துக்கொண்டால் மரத்துக்கு நஷ்டமில்லை. காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும்படி பறித்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, மஞ்சள்தூள் சேர்த்து ஜாடியில் போட்டு, தினமும் குலுக்கி வைத்தால், சில நாளில் வடு சுருங்கித் தானே தண்ணீர் விடும். அதற்கு மேல் அதற்குப் பக்குவம் தேவையில்லை. பழைய சோற்றுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

காய் முற்றியதும் தொக்கும் ஆவக்காயும் எல்லா வீட்டிலும் போடுகிறார்கள். ஆனால் கூடை கூடையாகக் காய் இருக்கும்போது இவை கைகொடுக்காது. எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகாது. ஒரு குடும்பம் வருஷத்துக்கு எத்தனை ஜாடி ஊறுகாய் சாப்பிடும்? அங்கேதான் வற்றல் வேண்டும். உப்பும் வெயிலும் தவிர வேறு செலவில்லை. காயை நீளவாக்கில் கீறி, கல்லுப்பில் ஓரிரு நாள் ஊறவைத்து, மொட்டைமாடியில் துணி விரித்துக் காயவைக்க வேண்டும். இரவில் மறுபடி அதே உப்புத் தண்ணீரில் போட்டு, பகலில் காயவைத்து, தண்ணீர் முழுவதும் வற்றும்வரை இப்படியே செய்வார்கள். நம் பக்கத்துச் சித்திரை வெயில் இதற்கென்றே அடிக்கிறது. நன்றாகக் காய்ந்த வற்றல் வருஷம் தாண்டியும் நிற்கும். கருவாட்டுக் குழம்பிலோ வற்றல் குழம்பிலோ நாலு துண்டு போட்டால் புளியைக் குறைத்துக்கொள்ளலாம். மா ஒரு வருஷம் காய்த்துக் கொட்டினால் மறு வருஷம் ஓய்ந்துவிடும் சுபாவம் உள்ளது. ஓய்ந்த வருஷத்தில் வீட்டில் மாங்காய்ப் புளிப்பு இருக்க வேண்டுமானால் வற்றல்தான் வழி.

இந்த ஊரில் வற்றலுக்கு இன்னொரு பந்தமும் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பீகார், உத்தரப்பிரதேச, ஒடிசா இளைஞர்கள் இந்தப் பகுதியெங்கும் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். வடக்கே பச்சை மாங்காயைச் சீவிக் காயவைத்துப் பொடித்து ஆம்சூர் என்று வைத்துக்கொள்வார்கள். சுட்ட மாங்காயைப் பிசைந்து, சீரகமும் உப்பும் சேர்த்துக் கரைத்தால் ஆம் பன்னா. வெயிலில் வெந்து வருகிறவர்களுக்கு அதுதான் மருந்து. ஒடிசாக்காரர்கள் உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த மாங்காயை ஆம்புலா என்று சொல்லி மீன் குழம்பில் போடுகிறார்கள். நாம் நெத்திலிக் கருவாட்டில் போடுவதேதான்! மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரரும், மாங்காயின் அருமை தெரிந்த வாடகைக்காரரும் ஒரே சுவரின் இரு பக்கம் இருக்கிறார்கள். ஒரு பை காயைக் கதவைத் தட்டிக் கொடுத்தால் வீணாகாது.

பழத்துக்கு வருவோம். எல்லாப் பழமும் ஒரே நேரத்தில் கனிவதுதான் தொல்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே நாளில் ஆள் வைத்து மரத்தையே காலி செய்துவிடுவது. முற்றிய காயை மட்டும் பார்த்து, வாரத்துக்கு ஒரு முறையாக, வலை கட்டிய தொரட்டியால் காம்போடு பறித்தால் பழமும் தவணை தவணையாக வரும். பறித்ததும் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும். இல்லாவிட்டால் தோல் கருகும். பிறகு வைக்கோலில் அடுக்கினால் போதும். கார்பைடு கல் வேண்டவே வேண்டாம். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது, அதிலிருந்து வரும் வாயுவில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும்.

மரத்திலேயே பழுக்கட்டும் என்று விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முற்றிய காயின் தோலுக்குள்தான் பழ ஈ முட்டை வைக்கிறது. புழு பழத்தைத் தின்று, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக மறுபடி வருகிறது. விழுந்த பழத்தை அப்படியே விட்டால் உங்கள் மரம் மட்டுமல்ல, தெருவில் உள்ள எல்லா மரமும் கெடும். சொத்தைப் பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

நல்ல பழம் மிஞ்சினால் மோர்க்குழம்பிலும் சாம்பாரிலும் போடலாம். நார் நிறைந்த நாட்டுப் பழத்துக்கு அதுவே தகுந்த இடம். சாற்றை எடுத்து வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துத் தட்டில் மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் அடுத்த பூச்சு என்று ஏற்றிக்கொண்டே போனால் ஆந்திரத்தார் செய்யும் மாமிடி தாண்ட்ரா. பிள்ளைகளுக்கு மிட்டாயைவிட இது நல்லது. கொட்டையையும் எறியாதீர்கள். பருப்பைக் காயவைத்துக் குழம்பில் போடும் வழக்கம் நம் பாட்டிமார்களுடையது. அந்தப் பருப்பின் கொழுப்பைச் சாக்லேட்டில் 5 சதவீதம் வரை கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டின் விதியில் அனுமதித்திருக்கிறது.

மாம்பழத்தைக் கொடுப்பதைப் பற்றிப் பேச இந்த ஊருக்குத் தனி உரிமையே உண்டு. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்கு இட்ட புனிதவதியின் கதையை, காரைக்காலம்மையாரின் வரலாற்றை, அவர்தான் நமக்கு விரித்துச் சொன்னார். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி இன்றும் மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் கை நீட்டிப் பிடிக்கிறார்கள். சேக்கிழார் பிறந்த ஊரில் பழம் குப்பைக்குப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் வீட்டில் மரம் இருந்தால், இந்த வருஷம் பறிக்கிற அன்றே ஒரு கூடையைத் தனியாக எடுத்து வைத்து, மரமில்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அழுகத் தொடங்கிய பிறகு கொடுக்க நினைக்காதீர்கள்.