ஜமாஅத் நிகழ்ச்சிகளும் கூகுள் காலண்டரும்: மூலப் பதிவு யார் கையில்?

நிகாஹ், மக்தப் தேர்வு, மாதாந்திரக் கூட்டம் என்று மஹல்லா நிகழ்ச்சிகளை இன்று பலரும் கூகுள் காலண்டரிலேயே நேரடியாகப் பதிந்து விடுகிறார்கள். செலவில்லை, எல்லோருடைய கைபேசியிலும் தெரியும். ஆனால் அது ஒருவருடைய சொந்த ஜிமெயில் கணக்கில் இருந்தால், அந்தக் கணக்கு முடங்கும்போது பல வருடப் பதிவுகளும் அதோடு போய்விடும்.

எனவே, மூலப் பதிவு ஜமாஅத்தின் சொந்த டேட்டாபேஸில் இருக்கட்டும். கூகுள் காலண்டர் அதைக் காட்டும் அறிவிப்புப் பலகையாக மட்டும் இருக்கட்டும்.

இணைக்க இரண்டு வழிகள் உண்டு. பட்டியலை சி.எஸ்.வி கோப்பாக எடுத்து காலண்டரில் ஏற்றுவது ஒன்று. இது ஒருமுறை வேலை. பிறகு டேட்டாபேஸில் தேதியை மாற்றினால் காலண்டரில் மாறாது. மற்றொன்று, டேட்டாபேஸிலிருந்து ஐ.சி.எஸ் கோப்பை உருவாக்கி, அதன் இணைய முகவரியைக் காலண்டரில் சேர்ப்பது. 2009-ல் ஆர்.எஃப்.சி 5545 என்ற பெயரில் வெளியான பொதுத் தரம் இது. ஆப்பிள், அவுட்லுக் காலண்டர்களும் இதைப் படிக்கும். மாற்றங்கள் தாமாகவே வந்து சேரும்.

இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறாத அடையாள எண் (யு.ஐ.டி) கொடுங்கள். இல்லையெனில் ஒரே நிகழ்ச்சி இரண்டாகத் தெரியக்கூடும்.

2. நேர மண்டலத்தைக் குறிப்பிடுங்கள். இங்கே மாலை 7 மணிக் கூட்டம் துபாயில் இருப்பவருக்கு 5.30 என்று காட்ட வேண்டும். மண்டலம் இல்லாவிட்டால் அவருக்கு நேரம் தவறாகக் காட்டக்கூடும்.

3. முகவரி கிடைத்த எவரும் அந்தக் கோப்பைப் படிக்கலாம். குடும்பங்களின் தொலைபேசி எண், வீட்டு விலாசம், உதவி பெறுவோர் விவரம் ஆகியவை டேட்டாபேஸோடு நிற்கட்டும்.

4. மாற்றங்கள் வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். ஜனாஸா அறிவிப்புக்கு இதை நம்பாதீர்கள்.

5. கூகுள் காட்டும் ஹிஜ்ரி தேதி கணக்கிடப்பட்டது. பிறை பார்த்து அறிவிக்கப்படும் தேதியோடு ஒரு நாள் வேறுபடலாம். அறிவிக்கப்பட்ட மாதத் தொடக்கத்தை டேட்டாபேஸில் பதிந்து, அதிலிருந்தே நோன்பு, பெருநாள் தேதிகளை அனுப்புங்கள்.

கடைசியாக, டேட்டாபேஸின் பிரதி ஒன்றை மாதந்தோறும் எடுத்து வைத்து, கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடமாவது இருக்கும்படி பார்த்துக் கொள்ளுங்கள். நாளை வேறு சேவைக்கு மாறினாலும், நம் மஹல்லாவின் பதிவுகள் நம்மிடமே இருக்கும்.