இருபத்தெட்டு நாள் சீட்டு

டப்ளினில் லிஃபி ஆற்றின் தென்கரையில் இருக்கிறது டெம்பிள் பார். கல் பாவிய குறுகலான தெருக்கள், இருபுறமும் மதுக்கடைகள். சனிக்கிழமை இரவு ஒரு மணிக்கு, உள்ளே விட மறுத்த காவலாளியிடம் ஒரு மாணவன் கடை வாசலில் நின்று கத்துகிறான் என்று வைத்துக்கொள்வோம். யாரையும் அடிக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. அயர்லாந்து காவல்துறையின் கார்டா ஒருவர் வருகிறார். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். மறுநாள் காலையில் தலைவலியோடு சேர்ந்து அந்த இரவும் மறந்துபோகிறது. பிறகு ஒருநாள் தபாலில் ஒரு சீட்டு வருகிறது.

அந்தச் சீட்டை அவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஏழு ஆண்டுகள் அமையும்.

அயர்லாந்தில் தெருச் சச்சரவுகளைக் கையாள்வது 1994ஆம் ஆண்டின் பொது ஒழுங்குக் குற்றவியல் சட்டம். அதன் 4ஆம் பிரிவு பொது இடத்தில் போதையில் இருப்பதைப் பற்றியது. குடித்திருப்பது மட்டும் குற்றமாகாது. தனக்கோ அருகில் இருப்பவருக்கோ ஆபத்து விளைவிக்கலாம் என்று நியாயமாக அஞ்சும் அளவுக்குப் போதை ஏறியிருக்க வேண்டும். மது மட்டுமின்றி வேறு போதைப் பொருள்களும் இதில் அடங்கும். பொது இடம் என்பதும் தெருவோடு முடிவதில்லை. பூங்கா, ரயில், பேருந்து, கல்லறைத் தோட்டம் வரை அது நீள்கிறது.

5ஆம் பிரிவு, பிறருக்குக் கடும் எரிச்சலோ மனவேதனையோ தரும் முறையற்ற நடத்தையைப் பற்றியது. இதில் கடிகாரத்துக்கு ஒரு வேலை உண்டு. பகலிலோ மாலையிலோ என்றால், கார்டா ‘நிறுத்துங்கள்’ என்று சொன்ன பிறகும் தொடர்ந்தால்தான் குற்றம். நள்ளிரவு 12 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் அந்த எச்சரிக்கையே தேவையில்லை. நம் மாணவன் கத்தியது ஒரு மணிக்கு. இரவு பதினொன்றரைக்குக் கத்தியிருந்தால் ஒரு வார்த்தையோடு போயிருக்கலாம்.

இதற்கு மேலே போனால் சிறைவாசம் எட்டிப் பார்க்கிறது. சண்டையைத் தூண்டும் நோக்கத்தோடு மிரட்டினாலோ இழிவாகப் பேசினாலோ 6ஆம் பிரிவின் கீழ் மூன்று மாதம் வரை சிறை. ‘இங்கிருந்து கிளம்புங்கள்’ என்று கார்டா சட்டப்படி இட்ட கட்டளையை நியாயமான காரணமின்றி மீறினால் 8ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை. கத்தியதைவிட, கிளம்ப மறுத்து நின்றதற்குத் தண்டனை கூடுதல். நண்பனைக் கார்டா விசாரிக்கும்போது வாதாட நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெயரும் முகவரியும் தர மறுத்தாலோ பொய்யாகச் சொன்னாலோ அது தனிக் குற்றம். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம்.

சீட்டுக்கு வருவோம். 4, 5ஆம் பிரிவுகளுக்கு நீதிமன்றம் போகாமலே முடித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. போதைக்கு 100 யூரோ, முறையற்ற நடத்தைக்கு 140 யூரோ. 28 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் அடுத்த 28 நாளுக்குள் ஒன்றரை மடங்கு, அதாவது 150 அல்லது 210 யூரோ. கட்டிவிட்டால் வழக்கு இல்லை, குற்றத்தீர்ப்பும் இல்லை. கட்டாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்கு அழைப்பாணை வரும். வாடகை அறையை அடிக்கடி மாற்றும் மாணவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் காத்திருக்கிறது. சீட்டு பழைய முகவரிக்குப் போய், அங்கே புதிதாகக் குடிவந்தவரின் காலடியில் கிடக்கும், நாள்கள் ஓடிவிடும்.

பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு 2006 முதல் இன்னொரு வழியும் இருக்கிறது: முறைப்படியான எச்சரிக்கை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, காவல் நிலையத்தில் மூத்த அதிகாரியின் எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டால் வழக்கு தொடரப்படாது. இதைக் கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. தருவது காவல்துறையின் முடிவு. பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி தனித் திட்டம் உண்டு.

நீதிமன்றத்துக்கே போனாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1907ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இன்றும் அங்கே அன்றாடம் பயன்படுகிறது. குற்றம் நிரூபணமானாலும், அதன் சிறுமையையும் செய்தவரின் பின்னணியையும் பார்த்து, குற்றத்தீர்ப்பு எழுதாமலே வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதிக்கு அது அதிகாரம் தருகிறது. அதற்கு ஈடாகச் சிலரை நீதிமன்றத்தில் ஏழைகளுக்காக வைத்திருக்கும் பெட்டியில் ஒரு தொகை போடச் சொல்வதும் பழைய வழக்கம்.

இது தெரியாமல், ‘சரி, ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம்’ என்று எழுந்து நிற்பவர்களைப் பற்றித்தான் உண்மையான கவலை. நீதிபதி 100 யூரோ மட்டும் அபராதம் விதிக்கலாம். சீட்டில் இருந்த 140ஐவிட அது குறைவுதான். ஆனால் அந்த நூறு யூரோவோடு ஒரு குற்றத்தீர்ப்பும் சேர்ந்து வருகிறது. வேலையும் விசாவும் அடிபடுவது தொகையால் அல்ல, அந்தத் தீர்ப்பால்.

2016ஆம் ஆண்டின் சட்டப்படி, மாவட்ட நீதிமன்றத்தில் முடிந்த சிறு பொது ஒழுங்குக் குற்றங்கள் ஏழு ஆண்டுகளில் காலாவதியாகின்றன. அதன் பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாக அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வேலை செய்ய வருபவர்களின் பின்னணியைக் காவல்துறை சரிபார்க்கும்; ஏழு ஆண்டு கடந்த இத்தகைய சிறு குற்றங்கள் அந்த அறிக்கையிலும் பொதுவாக வருவதில்லை. ஆனால் அந்த ஏழு ஆண்டுக்குள் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ செவிலியர் வேலைக்குப் போகிறவர், அந்த ஒரு இரவைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டிவரும். இந்தியாவிலிருந்து செவிலியர்கள் பெருமளவில் போய்ச் சேர்ந்திருக்கும் நாடு அது.

குடியுரிமைக்கு ‘நல்ல நடத்தை’ ஒரு நிபந்தனை. ஒரு சிறு குற்றம் அந்தக் கதவைத் தானாக மூடிவிடாது. சாலைப் போக்குவரத்துக் குற்றங்களைக் காட்டி ஒருவருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டபோது, அவற்றின் முழுச் சூழலும் எடைபோடப்படவில்லை என்று அயர்லாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அந்த முடிவை ரத்து செய்தது. மறைத்தால் மட்டும் காப்பாற்ற ஆளில்லை. கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால், சிறு குற்றம் ஏமாற்று வேலையாகிவிடும். அமெரிக்க விசா விண்ணப்பமோ, தண்டனை இருக்கட்டும், எப்போதாவது கைதானதுண்டா என்றே கேட்கிறது. அயர்லாந்தில் காலாவதியானது அங்கே காலாவதி ஆகாது.

கைது செய்யப்பட்டால் காரணத்தைக் கேட்கலாம், வழக்கறிஞரைக் கேட்கலாம். அயர்லாந்துக் குடிமகன் அல்லாதவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் உண்டு. தமிழில் வேண்டும் என்று கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். காவலர் அத்துமீறியதாகத் தோன்றினால் அதை விசாரிக்கத் தனி அமைப்பு இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் அதன் பெயர் ஃபிஸ்ரூ.

அழைப்பாணை வந்துவிட்டதா? முதல் நாளில் வழக்கறிஞரைப் பார்க்க அவகாசம் கேட்கலாம். இலவசச் சட்ட உதவிக்கு வருமானத்தோடு குற்றத்தின் கடுமையையும் பார்ப்பார்கள் என்பதால், அபராதத்தோடு முடியும் வழக்கில் அது கிடைக்காமல் போகலாம், கேட்பதில் நஷ்டமில்லை. தீர்ப்பு பாதகமாக வந்தால் மேல்முறையீட்டுக்கு 14 நாள். சர்க்யூட் நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி அழைத்து, வழக்கை முதலிலிருந்து கேட்கும்.