5.37 கோடி டாலர் மாயமானது எப்படி? டிக்ஸன் நகராட்சி சொல்லும் பாடம்

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் இருக்கிறது டிக்ஸன். மக்கள்தொகை ஏறத்தாழ 16 ஆயிரம். முன்னாள் அதிபர் ரொனால்டு ரீகன் சிறுவயதில் வளர்ந்த ஊர் என்பதுதான் அதன் பெருமை. 2012 ஏப்ரல் 17 அன்று வேறொரு காரணத்துக்காக அந்த ஊர் நாடு முழுவதும் பேசப்பட்டது. நகராட்சியின் நிதிப் பொறுப்பாளர் ரீட்டா கிரண்ட்வெல்லை எஃப்.பி.ஐ. அன்று கைதுசெய்தது. 20 ஆண்டுகளுக்கு மேலாக அவர் கையாடியிருந்த தொகை 5.37 கோடி டாலர். நகராட்சியின் ஓராண்டு பட்ஜெட்டே 80, 90 லட்சம் டாலர்தான்.

அமெரிக்க நகராட்சி வரலாற்றின் மிகப் பெரிய கையாடலாக இது கருதப்படுகிறது. பொதுப் பணத்தில் ஏதோ சரியில்லை என்று ஒருவருக்குப் பட்டால் அதை எப்படிக் கையாள வேண்டும் என்பதையும் இந்த வழக்கு காட்டுகிறது.

எப்படி எடுத்தார்?

பள்ளியில் படிக்கும்போதே, 1970-ல், நகராட்சி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் கிரண்ட்வெல். 1983-ல் நிதிப் பொறுப்பு முழுவதும் அவரிடம் வந்தது. 1990 டிசம்பரில் நகராட்சியின் பெயரைச் சேர்த்து ஒரு வங்கிக் கணக்கைத் தொடங்கினார். ‘டிக்ஸன் நகரமும் ஆர்.எஸ்.சி.டி.ஏ.வும்’ என்பது கணக்கின் பெயர். அந்தச் சுருக்கெழுத்துப் பெயரைப் பார்ப்பவர்களுக்கு அது ஏதோ கழிவுநீர்த் திட்டக் கணக்குபோலத் தெரியும். அப்படி ஒரு கணக்கு இருப்பது நகராட்சியில் வேறு யாருக்கும் தெரியாது.

வரி வருவாயும் மாநில அரசு தரும் பங்கும் முதலில் நகராட்சியின் முறையான கணக்குகளுக்கே வந்தன. அங்கிருந்து மூலதன வளர்ச்சி நிதிக்கு மாற்றுவார். பிறகு அந்த நிதியிலிருந்து ‘பொருளாளர்’ என்ற பெயருக்குக் காசோலை எழுதி, ரகசியக் கணக்கில் போட்டுவிடுவார். தணிக்கையில் கேள்வி வராமலிருக்க, மாநில அரசு அனுப்பியதுபோல 179 போலி பில்களைத் தயாரித்து வைத்திருந்தார்.

நகராட்சி அவருக்குத் தந்த சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 80 ஆயிரம் டாலர். அவரோ நாட்டின் முன்னணிக் குதிரை வளர்ப்பாளர்களில் ஒருவர். கைதுக்குப் பிறகு அரசு ஏலம் விட்ட குதிரைகள் மட்டும் சுமார் 400. பயணத்துக்காக அவர் வைத்திருந்த சொகுசு வாகனம் ஒன்றின் விலை 20 லட்சம் டாலருக்கு மேல்.

யாருமே கவனிக்கவில்லையா?

பணம் போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாலைகள் பழுதுபார்க்கப்படாமல் கிடந்தன. ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை. காவல் துறை கேட்ட கருவிகளை வாங்க முடியவில்லை. காரணம் கேட்டால், மாநில அரசு தர வேண்டிய பணம் தாமதமாகிறது என்பார் கிரண்ட்வெல். இலினாய் அரசு அக்காலத்தில் உண்மையிலேயே நிலுவை வைத்திருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

மேயரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட சிறிய நிர்வாகம் அது. உறுப்பினர்கள் பகுதிநேரமாகவே பணியாற்றினார்கள். பணத்தை வாங்குவது, காசோலை எழுதுவது, கணக்கைச் சரிபார்ப்பது, வங்கி அறிக்கையைப் பிரிப்பது என எல்லாமே ஒருவர் கையில் இருந்தன. தபால் நிலையத்திலிருந்து கடிதங்களை எடுத்து வருவதும் அவரே. ஊரில் இல்லாதபோது அதற்கும் தனக்கு வேண்டியவர்களை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவார்.

ஆண்டுதோறும் தணிக்கையும் நடந்தது. ஆனால், அந்தப் போலி பில்களில் சொல்லப்பட்ட வேலை நடந்ததா என்று மாநில அரசின் துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால்கூட மோசடி அம்பலமாகியிருக்கும். பின்னர் தணிக்கையாளர்கள் மீதும் வங்கி மீதும் நகராட்சி வழக்குத் தொடுத்தது. 2013 செப்டம்பரில் அவர்கள் எல்லோரும் சேர்ந்து 4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அதில் 3.5 கோடிக்கு மேல் கொடுத்தது ஒரு தணிக்கை நிறுவனம்.

வெளிவந்தது எப்படி?

2011-ல் குதிரைக் கண்காட்சிகளுக்காக கிரண்ட்வெல் நீண்ட விடுப்பு எடுத்தார். அவருடைய வேலையைச் சேர்த்துப் பார்த்தவர் நகராட்சி எழுத்தர் கேத்தி ஸ்வான்சன். மாதக் கணக்கை முடிப்பதற்காக நகராட்சியின் எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் அறிக்கை வேண்டும் என்று வங்கியிடம் கேட்டார். வங்கி அனுப்பியவற்றில் அதுவரை அவர் பார்த்திராத ஒரு கணக்கும் இருந்தது. உள்ளே லட்சக்கணக்கான டாலர் வரவு. செலவுப் பக்கத்தில் நகராட்சிக்குத் தொடர்பில்லாத இனங்கள்.

ஸ்வான்சன் அந்த அறிக்கையை மேயர் ஜேம்ஸ் பர்க்கிடம் கொடுத்தார். மேயர் அதை எஃப்.பி.ஐ.யிடம் கொண்டுபோனார். அடுத்த சுமார் ஆறு மாதங்கள் இருவரும் வெளியே மூச்சுவிடவில்லை. விடுப்பு முடிந்து கிரண்ட்வெல் திரும்பிவந்து, அதே அலுவலகத்தில் வழக்கம்போல வேலை பார்த்தார். அதிகாரிகள் வங்கி ஆவணங்களை வரிசையாகத் திரட்டினார்கள். கைதான கிரண்ட்வெல் 2012 நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2013 பிப்ரவரி 14 அன்று 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2021-ல் வீட்டுக் காவலுக்கு மாற்றப்பட்ட அவருடைய தண்டனையை, 2024 டிசம்பரில் அதிபர் ஜோ பைடன் குறைத்து முடித்துவைத்தார்.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது?

ஸ்வான்சன் செய்ததில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை. முதலாவது, அவர் கையில் ஆவணம் இருந்தது. ‘குதிரை வாங்க ஏது இவ்வளவு பணம்?’ என்ற பேச்சு ஊரில் இருந்திருக்கலாம். ஆனால், வழக்கை நிலைநிறுத்தியது வங்கி அறிக்கைதான். இரண்டாவது, சந்தேகத்துக்குரியவரிடமே போய் விளக்கம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடயங்களை அழிக்க நேரம் கிடைத்திருக்கும். மூன்றாவது, புகார் விசாரணை அதிகாரம் உள்ள அமைப்புக்குப் போனது. அவர்கள் சொன்னபடி ரகசியமும் காக்கப்பட்டது.

மோசடிகளைப் பெரும்பாலும் தணிக்கைதான் பிடிக்கிறது என்று நினைக்கிறோம். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மோசடி ஆய்வாளர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை வேறு கதை சொல்கிறது. ஆராயப்பட்ட மோசடிகளில் 43 சதவீதம், யாரோ ஒருவர் கொடுத்த தகவலால்தான் வெளிவந்தன. தகவல் கொடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தந்த அலுவலகத்தின் ஊழியர்கள். புகார் சொல்பவருக்குப் பாதுகாப்பு இல்லாத அலுவலகம், தன் பணத்தைக் காக்கும் முதல் ஆளையே இழந்துவிடுகிறது.

டிக்ஸன் மக்கள் 2014 நவம்பரில் வாக்களித்து நிர்வாக முறையை மாற்றினார்கள். முழுநேர நகர மேலாளர் பொறுப்புக்கு வந்தார். எந்த ஊரிலும் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே: காசோலை எழுதுபவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒருவரேயா? நகராட்சியின் பெயரில் மொத்தம் எத்தனை வங்கிக் கணக்குகள் இருக்கின்றன? தணிக்கை அறிக்கை மக்கள் பார்வைக்கு வருகிறதா? நிதிப் பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் போகும்போது அவர் வேலையை வேறொருவர் உண்மையிலேயே செய்கிறாரா?

இப்படிக் கேட்பது யாரையும் திருடன் என்று சொல்வதாகாது. நேர்மையாக வேலை செய்யும் ஊழியருக்கு இந்தக் கேள்விகளால் நஷ்டம் இல்லை. நாளை அவர் மீது வீண்பழி வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் இதே கணக்குகள்தான். டிக்ஸனில் இந்தக் கேள்விகளை 1990-களிலேயே யாராவது கேட்டிருந்தால், அந்த ஊரின் சாலைகளுக்கும் ஊழியர்களுக்கும் போய்ச் சேர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.