சொந்த இணையப் பக்கம் அமைத்துக்கொள்ளும் முறை

விளைபொருளை நயமான விலைக்கு விற்க விரும்பும் விவசாயியின் பெயரும் ஊரும் சரக்கின் தரமும் வாங்குவோருக்குத் தெரிந்திருத்தல் அவசியம். முற்காலத்தில் இவ்விவரங்கள் சந்தையிலும் தரகர் வாயிலாகவும் பரவின. இக்காலத்திலோ விதை நெல், ஒட்டு மாங்கன்று, கறவைப் பசு, செக்கெண்ணெய் முதலியவற்றை நாடுவோரில் அநேகர் முதலில் கைப்பேசியில் தேடிப் பார்த்த பின்னரே ஊரை விட்டுப் புறப்படுகின்றனர். ஆகவே, தமக்கென ஓர் இணையப் பக்கம் வைத்திருப்பது நிலச்சுவான்தார்களுக்கு மிகவும் பிரயோஜனமானது.

இது கணினி கற்றவர்களுக்கே கைகூடும் என்ற எண்ணம் சிலரிடையே இருந்து வருகிறது. அது சரியன்று. புதிதாகப் பழகுவோருக்கென்றே வடிவமைப்புக் கருவிகள் இப்பொழுது உள்ளன; கடிதம் எழுதிப் புகைப்படம் அனுப்பத் தெரிந்தவர் ஓரிரு நாட்களில் ஒரு பக்கத்தை அமைத்துவிடலாம். ஆயினும், பக்கத்தைக் கட்டுவது வேறு. கட்டியது கைவிட்டுப் போகாமல் காப்பது வேறு. முன்னதைக் கருவி பார்த்துக்கொள்ளும். பின்னதை உடையவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளின் வரலாறு

இணையப் பக்கம் என்னும் முறையை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றுகையில், 1989-ம் ஆண்டில் இதற்கான யோசனையை அவர் எழுதி அளித்தார். 1991-ல் இது வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. 1993-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, இம்முறையை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று அந்நிலையம் அறிவித்தபின் இது வெகு வேகமாகப் பரவிற்று.

தொடக்கத்தில் பக்கம் அமைப்பவர் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைக் கற்க வேண்டியிருந்தது. தலைப்பு இது, பத்தி இது, படம் இது என்று ஒவ்வொன்றையும் கோணக் குறிகளுக்குள் எழுதிக் கணினிக்கு உணர்த்துவதே அம்மொழி. 1995-ல் பேஜ்மில், பிரண்ட்பேஜ் ஆகிய மென்பொருள்கள் வெளிவந்தன. இவற்றில் பக்கம் எவ்வாறு தோன்ற வேண்டுமோ அவ்வாறே திரையில் அமைத்தால் போதும். குறிகளை மென்பொருளே எழுதிக்கொள்ளும். 2003-ல் வேர்ட்பிரஸும், 2006-ல் விக்ஸும், 2008-ல் கூகிள் ஸைட்ஸும் தோன்றின. இவற்றில் ஆயத்தமாகவுள்ள மாதிரிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, எழுத்தையும் படத்தையும் உரிய இடத்தில் வைத்தால் பக்கம் உருவாகிவிடும்.

பக்கத்தின் மூன்று அங்கங்கள்

இணையப் பக்கத்துக்கு மூன்று அங்கங்கள் உண்டு. முதலாவது, டொமைன் எனப்படும் பெயர். இப்பெயரைக் கொண்டே வருவோர் வழி கண்டுகொள்கின்றனர். இரண்டாவது, பக்கம் தங்கியிருக்கும் இடம். இது ஏதேனும் ஒரு கம்பெனியின் கணினியில் இருக்கும். மூன்றாவது, பக்கத்திலுள்ள எழுத்தும் படமும்.

நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். எழுத்தும் படமும் பயிர், அது உழைத்தவருடையது. இடம் குத்தகை நிலம். அதன் சொந்தக்காரர் என்றேனும் திருப்பிக் கேட்கக்கூடும். பெயரோ பட்டா போன்றது. வருஷந்தோறும் கிஸ்தி செலுத்தி வரும்வரை அது பதிவு செய்துகொண்டவரிடமே இருக்கும். பெயர் கையில் இருக்குமானால், ஓர் இடத்தை விட்டு மற்றோர் இடத்துக்குப் பக்கத்தை மாற்றிக்கொண்டு, அதே பெயரை அவ்விடத்தைச் சுட்டும்படி செய்துவிடலாம். வாடிக்கைக்காரருக்கு மாறுதல் தெரியவே தெரியாது. இலவசமாக இடம் தரும் கம்பெனியின் பெயரோடு ஒட்டிய விலாசத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு இச்சௌகரியம் இல்லை.

ஜியோஸிட்டீஸ் குடிகளின் கதி

இதற்குத் தக்க திருஷ்டாந்தம் அமெரிக்காவில் 1994-ல் தோன்றிய ஜியோஸிட்டீஸ் என்னும் ஸ்தாபனம். அது பொதுமக்களுக்கு இலவசமாக இடம் கொடுத்தது. அவ்விடங்களைப் பேட்டைகளாகப் பிரித்துப் பெயரிட்டு, ஒவ்வொருவருக்கும் வீட்டு எண் போல ஓர் எண்ணும் வழங்கிற்று. தரிசு நிலத்தில் குடியேறிப் பண்படுத்துவோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாலேயே அங்கு பக்கம் வைத்தவர்கள் அழைக்கப்பட்டனர். லட்சக்கணக்கானோர் தங்கள் குடும்பம், கைத்தொழில், தோட்டம் பற்றியெல்லாம் அங்கே எழுதி வைத்தனர்.

1999-ல் அந்த ஸ்தாபனத்தை யாஹூ கம்பெனி வாங்கிற்று. அவ்வாண்டிலேயே, குடிகள் எழுதியவற்றின் மீது தனக்கு விரிவான உரிமை கோரும் நிபந்தனைகளை அது வெளியிட்டது. பலத்த ஆட்சேபம் எழுந்தபின் அவற்றைத் திருத்தியது. இறுதியில் 2009-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி அமெரிக்காவில் ஜியோஸிட்டீஸ் மூடப்பட்டது. தன்னார்வமுள்ள சிலர் விரைந்து பிரதி எடுத்துக் காத்தவை போக, ஏனைய பக்கங்கள் அழிந்தன.

இது பழங்கதை என்று ஒதுக்கத்தக்கதன்று. வியாபாரிகள் தங்கள் கடை விவரங்களைக் கொண்டு இலவசமாகப் பக்கம் அமைத்துக்கொள்ளக் கூகிள் கம்பெனி ஒரு வசதி செய்திருந்தது. 2024-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அது நிறுத்தப்பட்டது. அப்பக்கங்களின் விலாசத்தை அச்சிட்டு வைத்திருந்த சீட்டுகளும் பலகைகளும் பயனற்றுப் போயின.

அமைக்கும் முறை

1. முதலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தியாவுக்குரிய ‘.இன்’ முடிவுள்ள பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வரை செலவாகும். தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்னும் முடிவும் உண்டு. எனினும் சில மின்னஞ்சல் சேவைகள் அதை ஏற்காமையால், ‘.இன்’ பெயரையும் உடன் பெறுவது நலம். பதிவு விவசாயியின் பெயரிலும், அவருடைய சொந்த மின்னஞ்சல், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொண்டும் இருக்க வேண்டும். பக்கம் அமைத்துத் தருபவர் தம் பெயரில் பதிவு செய்துகொள்ள இடங்கொடுத்தல் ஆகாது. அவரோடு மனஸ்தாபம் நேர்ந்தாலும், அவர் கடையை மூடினாலும் பெயர் போய்விடும்.

2. தவணை தவறாமல் பெயரைப் புதுப்பித்து வர வேண்டும். தவறினால் மீட்டுக்கொள்ளச் சில வாரங்கள் அவகாசம் கிடைப்பதுண்டு. ஆனால் அதற்குக் கட்டணம் அதிகம். அதுவும் கடந்தால் அப்பெயரை எவரும் வாங்கிக்கொள்ளலாம்.

3. அதன்பின் கருவியைத் தெரிந்தெடுக்கலாம். ஒன்றிரண்டு பக்கங்கள் மட்டும் வேண்டுவோருக்குக் கூகிள் ஸைட்ஸ் போதுமானது. அது இலவசம், சொந்தப் பெயரையும் அதனோடு இணைக்கலாம். அடிக்கடி புதிதாக எழுத விரும்புவோருக்கு வேர்ட்பிரஸ் சிறந்தது. எழுதியவற்றை ஒரே கோப்பாக வெளியே எடுத்து வேறிடத்தில் நாட்டிக்கொள்ள அதில் வழியுண்டு. விக்ஸில் கட்டிய பக்கத்தை அப்படியே பெயர்த்து வேறிடத்தில் வைக்க இயலாது; மீண்டும் கட்டவே வேண்டும். கருவி எதுவாயினும், பெயரை இணைக்க இடமுண்டா, எழுதியவற்றைத் திரும்ப எடுக்கலாமா என்னும் இரண்டு கேள்விகளையும் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

4. முகப்பில் பெயர், ஊர், வட்டம், ஜில்லா, விளைபொருள், கிடைக்கும் மாதம், எடை அளவு, தொலைபேசி எண் இவை தெளிவாக இருத்தல் வேண்டும். சரக்கு இல்லாத காலத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடுவது உத்தமம். வீண் பயணம் வந்தவர் மறுமுறை வாரார்.

5. எழுத்தை யூனிகோடு முறையில் அமைக்க வேண்டும். பழைய தனி எழுத்துருக்களில் அடித்தவை பிறர் கைப்பேசியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றலாம். விலைப் பட்டியலைப் படமாக ஒட்டுவதும் தக்கதன்று; தேடுவோருக்கு அது எளிதில் அகப்படாது.

6. கைப்பேசியில் எடுக்கும் புகைப்படம் பெரும்பாலும் சில மெகாபைட் அளவுடையது. அதை அப்படியே ஏற்றினால், மெதுவான இணைப்புள்ள இடங்களில் பக்கம் திறக்க நேரமாகும்; வந்தவர் காத்திராமல் போய்விடுவார். சில நூறு கிலோபைட்டுக்குக் குறைத்து ஏற்ற வேண்டும்.

7. எழுத்து, படம் யாவற்றுக்கும் சொந்தக் கணினியில் ஒரு பிரதியும், தனியாக வேறொரு சேமிப்புக் கருவியில் மற்றொரு பிரதியும் வைத்திருக்க வேண்டும். விதை நெல்லைப் பத்திரப்படுத்துவது போன்ற காரியம் இது.

விலக்க வேண்டியவை

பட்டா நகல், ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படங்களைப் பக்கத்தில் வெளியிடலாகாது. முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒருமுறைக் கடவெண்ணைக் கேட்போருக்கு அதைச் சொல்லவே கூடாது. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை.

கிராம அதிகாரிகள் தம் ஊருக்கெனப் பக்கம் அமைக்க முற்படின், மேலும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ‘கவ்.இன்’ என்னும் முடிவு அரசாங்க அமைப்புகளுக்கே உரியது. தனிப்பட்ட முறையில் தொடங்கும் பக்கத்தில் அரசு முத்திரையைப் பொறித்தல் 2005-ம் ஆண்டு தேசியச் சின்னச் சட்டத்துக்கு விரோதமாகும். உதவித்தொகை பெறுவோர் முதலியவர்களின் பட்டியலை அடையாள எண்களோடும் தொலைபேசி எண்களோடும் பொதுப் பக்கத்தில் ஏற்றினால், அவர்களை ஏமாற்றக் காத்திருப்போருக்கு அது வழிகாட்டியாகிவிடும்.

ஏற்கெனவே பக்கம் வைத்திருப்போர், அதன் பெயர் எவர் பேரில் பதிவாகியுள்ளது, தவணை எந்நாளில் முடிகிறது, கடவுச்சொல் எவரிடம் உள்ளது என்னும் மூன்றையும் தாமதமின்றி விசாரித்து, வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்வாராக. அந்தப் புத்தகம் இருக்குமிடம் வீட்டில் மற்றொருவருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.