நழுவத் தெரிந்த பிடி

ஒரு பழைய ஸ்விஃப்ட் டீசல் கார். 1248 சிசி எஞ்சின். முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் வலு, 190 நியூட்டன் மீட்டர். எஞ்சின் கணினியில் இருக்கும் நிரலை மாற்றி எழுதி, ரீமேப் செய்து, அதை 240 ஆக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியர், 1,800 சுற்று. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறார். டர்போ காற்றை அள்ளித் திணிக்கிறது. ஆர்.பி.எம். முள் விருட்டென்று 2,300க்குத் தாவுகிறது. ஸ்பீடாமீட்டர் முள்ளோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. சற்று நேரத்தில் கருகல் வாடை. மெக்கானிக்கிடம் போனால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "கிளட்ச் ஸ்லிப் ஆகுது சார், கியர்பாக்ஸை இறக்கணும்."

இதே காரை முதல் கியரில் எவ்வளவு விரட்டினாலும் இந்தக் கோளாறு பெரும்பாலும் தெரியாது. முதல் கியரில் எஞ்சின் மளமளவென்று சுற்றேறிவிடும். டர்போ முழு அழுத்தத்தை எட்டுவதற்குள் கியர் மாற்ற வேண்டிவரும். ஐந்தாம் கியரில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டி எஞ்சினுக்கு எதிராக மல்லுக்கு நிற்கிறது. எஞ்சின் தன் உச்ச வலுவிலேயே பல விநாடிகள் முக்குகிறது. கிளட்சுக்கு அதுதான் உண்மையான பரீட்சை.

கிளட்சுக்கு இட்டிருக்கும் வேலையே முரணானது. எஞ்சின் அணையாமல் இருக்க நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றாவது வேண்டும். சிக்னலில் நிற்கும் சக்கரத்துக்குச் சுற்றே இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்கும் பொருள், வண்டி கிளம்பும்போது பதமாக நழுவ வேண்டும். கிளம்பிய பிறகு துளியும் நழுவக் கூடாது. எஞ்சினோடு சுழலும் கனமான ஃபிளைவீல் ஒரு பக்கம். அதோடு போல்ட் போட்டுப் பிணைத்த பிரஷர் பிளேட் மறுபக்கம். நடுவில், கியர்பாக்ஸ் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். பற்களோ கொக்கியோ கிடையாது. அத்தனை குதிரைத்திறனும் வெறும் உராய்வின் மேல் சவாரி செய்கிறது.

அந்த உராய்வு எவ்வளவு தாங்கும் என்பதை நான்கே எண்களின் பெருக்கல் சொல்லிவிடும். பரப்பின் பற்றும் தன்மையைக் குறிக்கும் உராய்வுக் குணகம், அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. சின்னக் காருக்குப் பொருந்தும் ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். பிளேட்டின் வெளிவிட்டம் 200 மில்லிமீட்டர், உள்விட்டம் 140. ஆகவே சராசரி ஆரம் 85. அழுத்தும் விசை 5,000 நியூட்டன், ஏறத்தாழ 510 கிலோ எடை. குணகம் 0.3. பிளேட்டுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முகங்கள். பெருக்கினால் 255 நியூட்டன் மீட்டர். எஞ்சின் தருவது 190 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உபரி. எஞ்சினை 240க்கு ஏற்றியதும் அந்த உபரி ஆறு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

ஆறு சதவீதம் போதாதா? போதாது, ஏனென்றால் 0.3 என்பது நிலையான எண் அல்ல. பிளேட் சூடேறினால் அது 0.22க்கு இறங்கக்கூடும், அப்போது 255 என்பது 187 ஆகிவிடும். நழுவினால் சூடு, சூடேறினால் பிடி குறைவு, பிடி குறைந்தால் இன்னும் நழுவல். நம் ஸ்விஃப்டில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 500 சுற்று வித்தியாசம் விழுந்த அந்தக் கணத்தில் கிளட்சுக்குள் சுமார் 10 கிலோவாட் வெப்பம் பிறக்கிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பத்தை அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து ஒரே நேரத்தில் சுவிட்ச் போட்டதற்குச் சமம். பழைய ஃபிளைவீலைக் கழற்றிப் பார்த்தால் பளபளப்பான பரப்பில் கருநீலத் திட்டுகள் தெரியும். அந்த இடங்களில் உலோகத்தின் நிறமே மாறும் அளவுக்குச் சூடு ஏறியிருந்தது என்று பொருள்.

நான்கு எண்களின் பட்டியலில் ஒன்று இல்லாததைக் கவனித்தீர்களா? பரப்பளவு. பிளேட் எவ்வளவு அகலம், எத்தனை சதுர சென்டிமீட்டர் தொடுகிறது என்பது கணக்கிலேயே இல்லை. உராய்வு விசை தொடு பரப்பைச் சார்ந்ததல்ல என்று பிரெஞ்சுக்காரர் கியோம் அமாந்தோன் 1699இல் எழுதிவைத்தார். லியோனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகளில் அதற்கு முன்பே இது இருந்திருக்கிறது. பரப்பு குறைந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் அழுத்தம் கூடிவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. டிராக்டர்களில் பார்க்கும் பட்டன் பிளேட் இதை நம்பித்தான் இயங்குகிறது. முழு வளையத்துக்குப் பதிலாக நாலைந்து உலோகச் சில்லுகள் மட்டுமே அதில் இருக்கும், பிடியோ குறையாது. பரப்பு உதவுவது வேறு இரண்டு விஷயங்களுக்கு: சூட்டைப் பரப்பித் தாங்குவதற்கும், மெதுவாகத் தேய்வதற்கும்.

சரி, 240 நியூட்டன் மீட்டருக்கு என்ன செய்யலாம்? முதலில் கண்ணில் படுவது குணகம். செம்புத் தூளையும் இரும்புத் தூளையும் பீங்கான் துகள்களோடு சேர்த்து அழுத்திச் சுட்ட உலோகச் சில்லுகளைப் போட்டால் அது 0.4ஐ எட்டும். அழுத்தத்தைக் கூட்டாமலே 340 கிடைத்துவிடும், சூட்டுக்கும் அசராது. பந்தயக்காரர்களுக்கு இது போதும். தினமும் அலுவலகம் போகிற காருக்கு இது தண்டனை. பெடலைச் சற்றே விட்டதும் வண்டி எகிறும், இல்லையென்றால் நின்றுபோகும்.

காரணம், பிடியின் அளவில் மட்டுமில்லை. நழுவும்போது ஒரு குணகம், நின்று பிடிக்கும்போது இன்னொன்று. பின்னது அதிகமாக இருந்தால் பிளேட் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும், விநாடிக்குப் பலமுறை. அதைத்தான் வண்டி உதறுகிறது என்று நாம் உணர்கிறோம். நல்ல லைனிங், அதாவது பிளேட்டின் உராயும் மேற்பொருள், என்பது இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்த லைனிங். சாதாரணக் காரின் ஆர்கானிக் பிளேட் இதில் கெட்டிக்காரப் படைப்பு: கண்ணாடி இழை, செம்புக் கம்பி, ரப்பர், பிசின், இவற்றோடு முந்திரிக்கொட்டை! விளையாட்டில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களை அரித்துக் கறுக்கவைக்கும் அந்த ஓட்டு எண்ணெயில் கார்டனால் என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. அதைக் கெட்டிப் பிசினாக்கி, பொடித்து, உலகெங்கும் பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் லைனிங்கிலும் கலக்கிறார்கள். சூடேறும்போதும் உராய்வைச் சீராக வைத்திருப்பதும் உதறலைத் தணிப்பதும் அந்தப் பொடியின் வேலை. பருப்பை நாம் தின்றுவிட, ஓடு கார்களைக் குலுங்காமல் கிளப்புகிறது.

இன்னொரு நுட்பம் பிளேட்டைக் கையில் எடுத்து விளிம்போரம் பார்த்தால்தான் தெரியும். இரண்டு லைனிங் வளையங்களும் முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பதில்லை. நடுவே அலைபோல் நெளிந்த மெல்லிய எஃகு இதழ்கள் இருக்கின்றன. இரு கைகளாலும் அழுத்தினால் இடைவெளி கொஞ்சம் அமுங்கும். மொத்த அமுக்கமே ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நாம் 'ஹாஃப் கிளட்ச்' என்று சொல்வது முழுக்க அந்த மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது. கால் பெடலைச் சிறிது சிறிதாக விடும்போது இதழ்கள் சிறிது சிறிதாகத் தட்டையாகின்றன, பிடி படிப்படியாக ஏறுகிறது. பந்தயப் பட்டன் பிளேட்டுகள் பலவற்றில் இந்த இதழ்களே கிடையாது. அங்கே தொட்டதும் முழுப் பிடி.

பிளேட்டின் மையத்தில் வட்டமாகப் பதித்திருக்கும் சுருள் வில்களையும் சும்மா வைக்கவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது; 800 சுற்றில் விநாடிக்குச் சுமார் 27 அடிகள். இந்த வில்கள் ஒவ்வோர் அடியையும் வாங்கி மழுக்கி கியர்பாக்ஸுக்கு அனுப்புகின்றன. வில் இல்லாத பிளேட்டைப் போட்டால் நியூட்ரலிலேயே கியர்கள் கடகடக்கும். விலை குறைவு, எடை குறைவு என்று கடைக்காரர் சொன்னாலும் தினசரி வண்டிக்கு அதை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

அடுத்த வழி, அழுத்தத்தைக் கூட்டுவது. அழுத்தம் தருவது டயஃப்ரம் ஸ்பிரிங். இது எனக்குக் கிளட்சிலேயே மிகப் பிடித்த பாகம். உள்நோக்கி விரல்களாகப் பிளந்த, கூம்பு வடிவ எஃகுத் தட்டு. இதன் மூதாதையான கூம்பு வில்லுக்கு 1867இல் பிரான்சில் ஜூலியன் பெல்வில் காப்புரிமை பெற்றார். சாதாரண வில்லை அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். கூம்புத் தட்டு அப்படியில்லை: எதிர்ப்பு ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். வடிவமைப்பாளர்கள் புதிய கிளட்சை உச்சத்தைத் தாண்டிய அந்த இறக்கத்தில் உட்காரவைக்கிறார்கள். அதனால் இரண்டு நன்மைகள். பெடலை மிதிக்கும்போது தட்டு மேலும் வளைகிறது, எதிர்ப்பு குறைகிறது, காலுக்கு இதம். லைனிங் தேயும்போது தட்டின் வளைவு குறைந்து உச்சத்தை நோக்கி நகர்கிறது. பிளேட் மெலிய மெலிய அழுத்தம் கூடுகிறது! கிழட்டுக் கிளட்சின் பெடல் கனப்பது இதனால்தான். உச்சத்தையும் தாண்டித் தேய்ந்துவிட்டால் மறுபக்கச் சரிவு, அதாவது நழுவல்.

அழுத்தத்தை 20 சதவீதம் கூட்டி 6,000 நியூட்டன் ஆக்கினால், அதே ஆர்கானிக் லைனிங்கில் 306 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 240க்கு இது தாராளம். கூலியாகக் காலும் 20 சதவீதம் கூடுதலாக உழைக்க வேண்டும்: பத்து கிலோ பெடல் பன்னிரண்டு கிலோவாகும். நெரிசலில் நூற்றுக்கணக்கான தடவை மிதிக்கும்போது கெண்டைக்கால் கணக்கு கேட்கும். காலைவிடப் பரிதாபமான ஒருவர் உள்ளே இருக்கிறார். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், ஸ்பிரிங்கின் விரல்களை அழுத்தும் ரிலீஸ் பேரிங் வழியாக அந்த விசை எஞ்சினின் தண்டான கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது த்ரஸ்ட் வாஷர் என்னும் மெல்லிய பிறை வடிவத் தகடு. ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி முறுக்கினால் தேய்வது இந்தத் தகடு. மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டிவரலாம்.

முகங்களைக் கூட்டுவதும் ஒரு வழி. இரண்டு பிளேட் போட்டால் நான்கு முகங்கள், 255 அப்படியே 510 ஆகும், பெடல் கனக்காது. நம் பைக்குகளில் பெரும்பாலானவை இந்த உத்தியில் ஓடுபவைதான். எண்ணெயில் ஊறிய பல பிளேட்டுகள் அடுக்காக இருப்பதால்தான் இரண்டு விரலால் லீவரை இழுக்க முடிகிறது. காரில் இரட்டை பிளேட் விலை அதிகம், சத்தமும் உண்டு. 240க்கு அது தேவையில்லை.

எனக்குச் சிறந்ததாகப் படுவது மிச்சமிருக்கும் எண், ஆரம். ஃபிளைவீல் இடம் கொடுத்தால் 215 மில்லிமீட்டர் பிளேட், உள்விட்டம் 145. சராசரி ஆரம் 90 ஆகிறது. அழுத்தத்தை வெறும் 12 சதவீதம் கூட்டினாலே 302 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். லைனிங் ஆர்கானிக், இதழ்கள் உண்டு, மைய வில்கள் உண்டு. அம்மாவிடம் சாவியைக் கொடுத்தால் அவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

கடையில் 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 2' என்று சொல்வார்கள். அந்தப் பெயர்களுக்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு கம்பெனியின் இரண்டு இன்னொன்றின் ஒன்றாக இருக்கலாம். எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், லைனிங் என்ன பொருள் என்று மட்டும் கேளுங்கள். எஞ்சினின் புதிய உச்சத்துக்கு மேல் கால் பங்கு உபரி இருந்தால் போதும். கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை என்பதால் ரிலீஸ் பேரிங்கையும் கூடவே மாற்றி, ஃபிளைவீல் பரப்பைச் சீர்செய்து, கிராங்க் பின்புற ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகிவிடும்.

பூட்டிய அன்றே 302 கிடைத்துவிடாது. புதிய லைனிங்கும் ஃபிளைவீலும் முதலில் மேடான புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. சூடு முழுக்க அந்தப் புள்ளிகளில் குவிகிறது. ஊருக்குள் நிதானமாக, கியர் மாற்றி மாற்றி 500 முதல் 800 கிலோமீட்டர் ஓட்டினால் மேடுகள் தேய்ந்து பரப்பு முழுதும் பொருந்திவரும். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போன தூரம் இந்தக் கணக்கில் சேராது, அங்கே கிளட்ச் நழுவுவதே இல்லை. அதுவரை எஞ்சின் கணினியில் கம்பெனியின் பழைய 190 நியூட்டன் மீட்டர் நிரலே இருக்கட்டும். ரீமேப்பை அதற்கப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்.